கணவாய்க்குக் கொடுத்த காசு

1841-ம் ஆண்டு, குளிர்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, காபூலில் இருந்த பிரிட்டிஷ் தூதர் வில்லியம் மக்நாட்டன் செலவைக் குறைக்க ஒரு முடிவெடுத்தார். காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் இடையிலான கணவாய்களில் வணிகக் கூட்டங்களும் தபாலும் பத்திரமாகப் போய்வர, கிழக்கு கில்சாய் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் கொடுக்கப்பட்டுவந்தது. மேலிடத்தில் சிக்கன நெருக்கடி. அந்தத் தொகையைச் சரிபாதியாக்கி 40,000 என்றார் மக்நாட்டன். தலைவர்கள் மறுபேச்சுப் பேசாமல் காபூலை விட்டுப் போனார்கள். போனதும் கணவாய்களை அடைத்தார்கள். மிச்சம் பிடித்தது 40,000 ரூபாய். காபூலில் கலகம் வெடித்தது; டிசம்பர் 23-ம் தேதி மக்நாட்டன் கொல்லப்பட்டார். 1842 ஜனவரி 6-ம் தேதி, சுமார் 4,500 படைவீரர்களும் அவர்களோடு ஒட்டிவந்த 12,000 பேரும் அதே கணவாய்கள் வழியாகப் பனியில் பின்வாங்கினார்கள். ஒரு வாரத்தில் அந்தப் படை அழிந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும், சமையல்காரர்களும், பல்லக்குத் தூக்கிகளும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும்தான். ஜலாலாபாத் வந்துசேர்ந்த மருத்துவர் பிரைடனின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர்களில் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை.

இந்த அழிவிலிருந்துதான் ஆப்கானிஸ்தான் 'பேரரசுகளின் கல்லறை' என்ற பேச்சு வளர்ந்தது. மலையும் மானமும் மதமும் சேர்ந்து அந்நியரைத் துரத்திவிடும் என்பது அதன் பொருள். அந்நியர் மீதான வெறுப்பு உண்மைதான். அது இல்லாமல் காபூல் கலகம் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. ஆனால் வெறுப்பு, பிரிட்டிஷ் படை காபூலுக்குள் வந்த 1839-லும் இருந்தது. கணவாய் அடைபட்டது 1841-ல், காசு குறைந்த பிறகு. இதைச் சொன்னால் ஆப்கானியரை விலைக்குப் போனவர்கள் என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. கில்சாய்களின் கணக்கில் அது லஞ்சமே அல்ல. தங்கள் மண்ணின் வழியே போகிறவன் தரவேண்டிய காவல் கூலி. காபூல் அரசர்களும் கொடுத்துவந்த கூலி அது. பேசிய கூலியில் கைவைத்தவன் வாக்குத் தவறியவன்.

காபூல் அரசின் அடிப்படைச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. 1747-ல் அகமது ஷா துரானி எழுப்பிய அரசு, பஞ்சாபும் காஷ்மீரும் தந்த செல்வத்தில் நின்றது. அவை ரஞ்சித் சிங்கிடம் போனபின் கஜானா வற்றியது. மலைநாட்டு வரி பட்டாளத்தின் சம்பளத்துக்கே போதவில்லை. 1883 முதல் அமீர் அப்துர் ரஹ்மானுக்கு பிரிட்டிஷ் இந்தியா ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தோடு துப்பாக்கிகளும் வந்தன. அவர் 'இரும்பு அமீர்' ஆனதில் அவருடைய கொடுங்கரத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் பணத்துக்கும் உண்டு. 1919-ல் நாட்டுக்கு விடுதலை பெற்ற அமீர் அமானுல்லா அந்த மானியத்தை இழந்தார். சீர்திருத்தங்களுக்கான செலவைக் குடிமக்கள் மீதே வரியாகச் சுமத்தினார். அவரை வீழ்த்தியது பெண்கல்வியும் முக்காடும் பற்றிய ஆத்திரம் மட்டும்தான் என்பவர்கள் அந்த வரிச்சுமையை மறந்துவிடுகிறார்கள்.

மிகத் தெளிவான சாட்சி, சோவியத் ஆதரவோடு ஆண்ட அதிபர் நஜிபுல்லா. 1989 பிப்ரவரி 15-ம் தேதி கடைசி சோவியத் படைப்பிரிவு ஆமு தர்யா பாலத்தைக் கடந்தபோது, அவருடைய அரசு சில மாதங்கள்கூடத் தாங்காது என்றே பலரும் கணித்தார்கள். அடுத்த மாதமே ஜலாலாபாத் மீது முஜாகிதீன்கள் தொடுத்த பெருந்தாக்குதலை அவருடைய படை, அந்நியச் சிப்பாய் ஒருவரும் களத்தில் நிற்காமலே, முறியடித்தது. மாஸ்கோவிலிருந்து எரிபொருளும் கோதுமையும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தவரை அரசு நின்றது. 1992 ஜனவரியோடு அந்த வரத்து நின்றுபோனது. ஏப்ரலில் காபூல் விழுந்தது. அவரைக் கவிழ்த்தது அவருடைய தளபதி தோஸ்தமின் துரோகம் என்று வாதிடுவார்கள். தோஸ்தமின் உஸ்பெக் படையை அதுவரை அரசோடு கட்டிவைத்திருந்தது எது என்று பார்த்தால், அந்த வாதம் என் பக்கமே திரும்பிவிடும்.

2021 ஆகஸ்ட் 15-ம் தேதி காபூல் தாலிபான்களிடம் விழுந்ததற்கு ஊழல்தான் காரணம் என்பது வலுவான மறுப்பு. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தும் களத்தில் ஆளில்லாத படைவீரர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊழலுக்கும் வேர் இதுவே. அரசுச் செலவில் முக்கால் பங்கு அந்நிய மானியத்தில் நடந்தது. அப்படிப்பட்ட அரசு வாஷிங்டனுக்குக் கணக்குச் சொன்னால் போதும். ஹெல்மந்த் விவசாயிக்குச் சொல்லவேண்டிய தேவை அதற்கு எழவே இல்லை. மானியம் நின்றதும் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் நின்றவர்கள் விமானம் ஏறிப்போன அமைச்சர்கள் அல்லர். ஆசிரியைகளும் மருத்துவமனைச் செவிலியரும்தான். இதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இந்தப் பணம் எதுவும் சும்மா வந்ததில்லை. அப்துர் ரஹ்மானின் 12 லட்சம், 1893-ல் 18 லட்சமாக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், காபூலில், பிரிட்டிஷ் இந்திய அதிகாரி மார்ட்டிமர் டியூராண்ட் நீட்டிய எல்லை ஒப்பந்தத்தில் அமீர் கையெழுத்திட்டார். பஷ்தூன் மண்ணைக் குறுக்கே வெட்டிய அந்த எல்லைக்கோட்டைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)