அரையும் காலும் கலந்த கன அளவு

அந்நாளைத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியைக் கொண்டு முழு எண்களை மட்டும் படிக்கவில்லை. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் கீழ்வாய் இலக்கங்களின் வாய்பாடுகளையும் மனப்பாடம் செய்தனர். 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு மீட்டர் முறை வந்தபின்னும் அரையும் காலும் நம்மை விட்டு நீங்கவில்லை. சென்னைக் கோபாலபுரத்தில் வீட்டு நீர்த்தொட்டி கட்டுவோர்க்கும், சிற்றூரில் எருக்குழி வெட்டுவோர்க்கும் அளவுநாடாவில் முழு எண் வருவது அரிது.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு கிடைக்கும் என்பதை அங்கத்தினர் அறிவர். பக்கம் பின்னமானாலும் இவ்விதி மாறாது. பிழை நேர்வது பெருக்கும் முறையில்தான்.

ஓர் எருக்குழி 4½ மீட்டர் நீளம், 1½ மீட்டர் அகலம், 1¼ மீட்டர் ஆழம் உடையது என்க. சிலர் முழு எண்களைத் தனியே பெருக்கி 4 என்றும், பின்னங்களைத் தனியே பெருக்கி வீசம், அதாவது 1/16 என்றும் கண்டு, இரண்டையும் கூட்டி 4 1/16 கன மீட்டர் என்பர். இது தவறு. ஒவ்வோர் அளவையும் முதலில் ஒரே பின்னமாக்க வேண்டும்: 9/2, 3/2, 5/4. தொகுதிகளைப் பெருக்க 135. பகுதிகளைப் பெருக்க 16. 135ஐ 16ஆல் வகுத்தால் 8 7/16 கன மீட்டர். தவறான கணக்கின்படி கூலி கொடுத்தால் குழி வெட்டியவருக்குப் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும்!

இதன் காரணத்தை நெசவாளரின் சாயத்தொட்டியில் காணலாம். நீளம் 1½ மீட்டர், அகலம் ¾ மீட்டர், நீர் நிற்கும் உயரம் ½ மீட்டர். பக்கம் கால் மீட்டர் உள்ள சிறு கனச்சதுரங்களை அதில் அடுக்குவதாக எண்ணுக. நீளத்தில் 6, அகலத்தில் 3, உயரத்தில் 2, ஆக 36. ஒரு கன மீட்டருக்கு இத்தகையவை 4×4×4, அதாவது 64 வேண்டும். எனவே தொட்டியின் நீர் 36/64, சுருக்கினால் 9/16 கன மீட்டர். நம் வழக்கில் அரையே வீசம். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டராதலால், இது 562½ லிட்டர். கிலோ நூலுக்கு 20 லிட்டர் என்ற விகிதத்தில் சாயமிடுவோர் இதில் 28 கிலோ நூல் நனைக்கலாம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பக்கம் ஒரு மீட்டர் உள்ள கனச்சதுரத் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும். பக்கங்கள் மூன்றையும் அரை மீட்டராகக் குறைத்தால் கொள்ளளவு பாதியாகாது. அரைக்காலாகும், அதாவது 125 லிட்டரே.

ஆகவே, மூன்று பக்கங்களையும் ஒரே அலகில் அளந்து, பின்னமாக்கிப் பெருக்கி, விடையைப் பதிவேட்டில் எழுதுக. கூலி பெறுவோரும் கொடுப்போரும் உடனிருந்து சரிபார்த்தால் சங்கத்தில் வழக்குக்கு இடமிராது.