தம்மைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளும் காந்த உணர்விகள்

தொழில் வளர்ச்சியை அளக்கும்போது எத்தனை பொருள்கள் உற்பத்தியாயின என்று கணக்கிடுவது வழக்கம். உற்பத்தியான பொருள் எத்தனை காலம் உழைத்தது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வியாகும். மின்னணுக் கருவிகளைப் பொறுத்தவரை இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை மனநிறைவு அளிப்பதாக இல்லை. சிறியதோர் உறுப்பு பழுதுபட்டால் கருவி முழுவதுமே கழிவுக் குவியலைச் சென்றடைகிறது. இந்நிலையை மாற்றக்கூடிய ஆய்வுகளுள் ஒன்று, பழுதைத் தானே நீக்கிக்கொள்ளும் அச்சிட்ட காந்த உணர்வி பற்றியதாகும்.

உணர்வியின் பணி

காந்தப்புலத்தின் இருப்பையும் மாற்றத்தையும் மின் குறிப்பாக மாற்றித் தருவது காந்த உணர்வி. மோட்டார் வாகனச் சக்கரத்தின் வேகம், குழாயில் ஓடும் நீரின் அளவு, கதவு திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பன போன்றவற்றைத் தொடாமலேயே அறிய இது உதவுகிறது. காந்தப்புலத்தில் இரும்பின் மின்தடை மாறுவதை 1856-இல் வில்லியம் தாம்சன் கண்டறிந்தார். மிக மெல்லிய உலோக அடுக்குகளில் இவ்விளைவு பன்மடங்கு பெருகுவதை 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டனர். 2007-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இத்தகைய அடுக்குகளை உருவாக்க வெற்றிடக் கலங்களும் தூசியற்ற அறைகளும் தேவை. இவற்றுக்கு மூலதனம் மிகுதியாக வேண்டும். காந்த உலோகத் துகள்களை நெகிழ்வான பலபடிப் பொருளில் கலந்து பசையாக்கி, பிளாஸ்டிக் தாளிலோ துணியிலோ அச்சிடுவது எளிய மாற்று வழியாகும். வளைந்த பரப்பிலும் பொருந்துவது இதன் சிறப்பு.

குறையும் தீர்வும்

அச்சிட்ட உணர்வியில், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் துகள்களின் வழியாகவே மின்சாரம் செல்கிறது. துகள்களுக்கு இடையே பசை புகுந்துவிடுவதால் தொடர்பு குறைகிறது, உணர்திறனும் குன்றுகிறது. மடித்தாலோ கீறினாலோ அத்தொடர்பு அறுந்துபோகும். பசை மீண்டும் ஒட்டிக்கொண்டாலும், விலகிய துகள்கள் பழைய நிலையில் சேர்வதில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டு, 2022-இல் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட கருவி மாறுதிசைக் காந்தப்புலம். அப்புலத்தில் துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன; அதே வேளையில் அதிரவும் செய்கின்றன. படியில் நெல்லை அளப்பவர் படியைக் குலுக்கினால் மணிகள் நெருங்கி அமர்வதுபோல, அதிர்வினால் துகள்கள் நெருங்குகின்றன. தொடர்புகளின் எண்ணிக்கையும் தரமும் ஒருசேர உயர்கின்றன. முந்தைய அச்சிட்ட உணர்விகளைவிட உணர்திறன் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

வெட்டுண்ட உணர்வியை அதே புலத்தில் வைத்தபோது, அறை வெப்பநிலையிலேயே, சில விநாடிகளில் அது முழுத் திறனையும் திரும்பப் பெற்றது. துண்டுகளைக் கையால் பொருத்தவேண்டிய தேவை எழவில்லை. பலமுறை செப்பனிட இயன்றது. ஈரப்பதமும் இதற்குத் தடையாகவில்லை. பாதுகாப்பு, மருத்துவச் சிகிச்சை, மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் இடையிலான தொடர்பு ஆகிய துறைகளில் இதன் பயன் செய்து காட்டப்பட்டது.

பொருளாதார நோக்கில்

இவ்வெற்றியை மிகைப்படுத்திக் காண்பதும் தவறாகும். செப்பனிடும் புலத்தை வெளியிலிருந்தே தரவேண்டும். அதற்கெனச் சுருளும் மின்சாரமும் தேவை. துல்லியமான அளவீடுகளில் சிலிக்கன் உணர்விகளின் இடத்தை அச்சிட்டவை பிடித்துவிடும் என்று கருத இயலாது. உலோகமும் பலபடிப் பொருளும் இரண்டறக் கலந்திருப்பதால், இறுதியில் அவற்றைப் பிரித்து மீட்பதும் எளிதன்று. செப்பனிடும் செலவு புதிய உணர்வியின் விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் இம்முறை சந்தையில் நிலைக்கும்.

ஆயினும் இந்தியா போன்ற நாட்டுக்கு இதில் பாடம் உண்டு. 2021 டிசம்பரில் மைய அரசு குறைக்கடத்தித் தொழிலுக்கென ரூ. 76,000 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய பெருந்தொழிலுக்குத் துணையாக, குறைந்த மூலதனத்தில் இயங்கும் அச்சு மின்னணுவியல் வளர இடமுண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நெகிழ் மின்னணுவியலுக்கான தேசிய மையம் நிறுவப்பட்டுள்ளது. திரை அச்சுத் தொழிலோ நமது சிற்றூர்களிலும் பரவியுள்ளது. ஆய்வுக்கூடத்தின் அறிவும் அச்சுக்கூடத்தின் கைத்திறனும் இணைவதற்குத் தர நிர்ணயமும் பயிற்சியும் முதல் தேவைகளாகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கழிவு தோன்றிய பின் அதனைக் கையாள்வதைவிட, கழிவாகும் நாளைத் தள்ளிப்போடுவது சிக்கனமானது. பழுதானதைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவது நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். அப்பழக்கத்துக்கு இடந்தரும் கருவிகளை வடிவமைப்பதே இனி மின்னணுத் தொழிலின் கடமையாக அமைய வேண்டும்.