கடலில் சுழியோடிவிட்டுக் கண்டி ஏறுகிறவர் கவனத்துக்கு

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். கண்டி, பேராதனை, மாத்தளைப் பக்கத்திலிருந்து நிலாவெளிக்கும் புறாமலைக்கும் போய், சிலிண்டர் கட்டிச் சுழியோடிவிட்டு, ஞாயிறு பின்னேரமே தம்புள்ளை வழியாக வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கையிலுள்ள டைவ் கம்ப்யூட்டரின் அமைப்பை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நீருக்குள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றின் நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. அது வெளியேற அவகாசம் கொடுக்காமல் மேலே வந்தால் குமிழாக மாறும். மூட்டுவலியில் தொடங்கி முள்ளந்தண்டைத் தாக்கி நடையையே முடக்கக்கூடிய நோய் அது. சுழியோடிகள் ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். உடம்பில் எவ்வளவு நைதரசன் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அளப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, மீதியைக் கணிக்கிறது. அந்தக் கணிப்பு முறைதான் அல்கோரிதம்.

இதற்கு அடிபோட்டவர் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, 1908இல். பின்னர் சூரிச் பல்கலைக்கழக மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன் உடம்பை 16 கற்பனை இழையங்களாகப் பிரித்துக் கணக்கிட்டார். சில இழையங்கள் சில நிமிடங்களில் நிரம்பும், சிலவற்றுக்கு மணிக்கணக்காகும். சுவிஸ் மலை ஏரிகளில் சுழியோடுகிறவர்களையும் மனதில் வைத்துச் செய்த ஆய்வு என்பதால், மலைநாட்டவருக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. ஆர்ஜிபிஎம் போன்ற குமிழ்க் கணிப்பு முறைகளும் உள்ளன. மேலேறும் வழியில் நைதரசன் வெளியேறுவதற்கான முதல் தரிப்பை ஆழத்திலேயே செய்வது நல்லது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவியிருந்தது. 2011இல் வெளியான அமெரிக்கக் கடற்படை ஆய்வு அதற்கு எதிராகவே முடிந்தது. என் தேர்வு பியூல்மன்தான். எவ்வளவு ஆபத்தை ஏற்கிறோம் என்பதை அதில் எண்ணாகவே பார்க்கலாம்.

அந்த எண்கள்தான் கிரேடியன்ட் ஃபேக்டர். ஷியர்வாட்டர் என்ற நிறுவனத்தின் டைவ் கம்ப்யூட்டர்களில் 45/95, 40/85, 35/75 என மூன்று தெரிவுகள் உண்டு. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். 95 என்றால், மேற்பரப்புக்கு வரும்போது பியூல்மன் வகுத்த எல்லையில் 95 சதவீதம் வரை போகச் சம்மதிக்கிறீர்கள். 75 என்றால் கால்வாசி இடைவெளி விடுகிறீர்கள். விலை, அடியில் கிடைக்கும் சில நிமிடங்கள்.

இளவயது, நல்ல உடல்நிலை, ஆழம் குறைந்த ஒரே சுழியோட்டம் என்றால் 40/85 போதும். நாற்பதைத் தாண்டியவர், உடல் பருத்தவர், இரவெல்லாம் பயணம் செய்து களைத்தவர், தண்ணீர் சரியாகக் குடிக்காதவர் 35/75ஐ வைத்துக்கொள்ளட்டும். இவற்றில் எதுவும் கருவிக்குத் தெரியாது. மலைக்குத் திரும்பும் எவருக்கும் 45/95ஐ நான் சொல்லமாட்டேன். சோடியாக இறங்கினால், கடுமையாகக் கணிக்கும் கருவியின் சொல்லையே இருவரும் கேட்க வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஹேர்மிஸ் கப்பல், இந்த எண்களை மாற்றிவிட்டு மட்டும் இறங்கக்கூடிய இடமல்ல. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

வீட்டுக்குப் போகும் பாதையும் சுழியோட்டத்தின் பகுதிதான். உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைவதால், உடம்பில் மிஞ்சிய நைதரசன் அங்கேயும் குமிழாகலாம். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். வளியமுக்கம் அங்கே கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விமானப் பயணத்துக்கு முன், சுழியோடிகளின் பாதுகாப்புக்கான ‘டான்’ அமைப்பு சொல்லும் காத்திருப்பு, ஒரு சுழியோட்டத்துக்கு 12 மணிநேரம், பலவற்றுக்கு 18. அது சுமார் 600 முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்கானது. கண்டி நகரம் சற்றே தப்புகிறது. ஹந்தானையும் நுவரெலியாவும் தப்புவதில்லை. திருகோணமலையில் இன்னோர் இரவு தங்கிவிட்டுப் புறப்படுங்கள்.

சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டருடன் இறங்கும் நம் கரையோரத் தொழிலாளர் பலருக்கு இப்படித் தேர்ந்தெடுக்க ஒரு கருவிகூட இல்லை. அவர்களுக்கும் அது கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

வீடு வந்தபின் மூட்டு வலித்தாலோ, கை கால் விறைத்தாலோ, களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். மேலும் உயரம் ஏறாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கடலில் சுழியோடிய விவரத்தை முதலில் சொல்லி, ஒட்சிசன் கேளுங்கள்.