மெட்டல் டிடெக்டர் வாங்குகிறீர்களா?

இணையத்தில் வாங்கிய மெட்டல் டிடெக்டர் வந்து சேர்ந்ததும் பொருத்திப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெட்டியைப் பிரிக்குமுன் செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். முகவரிச் சீட்டு, பிரிக்காத டேப், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகம் என எல்லாம் அதில் பதிவாகட்டும். நாளை ஒரு பாகம் குறைகிறது என்று புகார் சொன்னால், உங்கள் பக்கம் பேசும் சாட்சி அதுதான்.

பொருத்தும்போது அதிகம் தவறு நடக்கும் இடம், உலோகத்தைத் தேடும் சுருளான ‘காயிலும்’ அதைத் தாங்கும் தண்டும் சேரும் முனை. அதற்குப் பிளாஸ்டிக் போல்ட் தந்திருப்பார்கள். அது தொலைந்தால் வீட்டில் கிடக்கும் இரும்பு போல்ட்டை மாட்டிவிடாதீர்கள். காயில் தன்மேல் இருக்கும் இரும்பைக் கண்டே ஓயாமல் ஒலிக்கும், பழுதான கருவி என்று நினைத்துவிடுவோம். கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் காயிலின் காது உடையும். காயிலிலிருந்து வரும் கம்பியைத் தண்டில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும், ஆனால் காயிலை மேலும் கீழும் சாய்க்கும் அளவுக்கு முனையில் தளர்வு இருக்கட்டும். சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள், தளத்துக்குள் முறுக்குக் கம்பி இருக்கிறது. வெட்டவெளிக்குப் போய், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, தூக்கிப் பிடித்த காயிலுக்கு முன்னால் ஒரு நாணயத்தை அசைத்துப் பாருங்கள்.

அப்போதும் வேலை செய்யாவிட்டால், விற்ற இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

வாங்கும்போதே ஏமாறுகிறவர்களும் உண்டு. காயிலே இல்லாமல், ஆடும் ஆன்டெனாவை மட்டும் வைத்து, தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் கருவிகளை நம்பவே நம்பாதீர்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை முன்மாதிரியாகக் கொண்ட கருவியை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு, 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. சோதனைச் சாவடிகளில் அதை நம்பியவர்களின் உயிர் பணயமானது. நல்ல டிடெக்டரே ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில், மிஞ்சினால் ஒரு முழத்துக்குள்தான் காணும்.

இனி மண். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள், பழங்கோயில்கள், அகழாய்வு இடங்கள் பக்கம் கருவியோடு போகவே கூடாது. நினைவுச் சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை. அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் தோண்டவும் கூடாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, உங்கள் பங்கும் போய்விடும். சொன்னால் உரிமை உண்டு. அரசே புதையலை எடுத்துக்கொண்டாலும், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வியந்து பார்க்கும் செப்புத் திருமேனிகளில் பல, மண்ணுக்குள் கிடந்து இந்தச் சட்டத்தின் வழியே வந்தவை. உங்கள் கையில் ஏதாவது கிடைத்தால் தேய்த்துக் கழுவாதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.