மாதவிடாய் வலிக்குச் சிவப்பு ஒளி பெல்ட்: வாங்குவதற்கு முன்

எமிரேட்ஸிலோ கத்தாரிலோ இருந்துகொண்டு ஆன்லைன் கடையில் வலி நிவாரணக் கருவி தேடினால், இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிவப்பு ஒளி பெல்ட்டுகள் வரிசையாக வருகின்றன. முதுகு வலி, மூட்டு வலி என்று அவை தீர்ப்பதாகச் சொல்லும் பட்டியலில் இப்போது மாதவிடாய் வலியும் சேர்ந்திருக்கிறது. மாலில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் பெண்ணும், இரவு ஷிஃப்ட் நர்ஸும், பொதுத்தேர்வுக்குத் தயாராகும் மகளின் அம்மாவும் இதை வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். அந்த ஒளிக்குப் பின்னால் கொஞ்சம் அறிவியல் உண்டு. விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அதைவிட முக்கியமாக, சில பெண்களுக்கு அந்த பெல்ட் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நோயைப் பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிடலாம்.

வலி எங்கிருந்து வருகிறது

குவைத்தின் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் 763 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் 85.6 சதவீதம் பேருக்கு மாதவிடாய் வலி இருந்தது. அந்த வலி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதனால் பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தார்கள். தேர்வையே தவறவிட்டவர்களும் உண்டு. இவ்வளவு பேரை முடக்கும் ஒன்றை 'பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்' என்று சொல்லி மூடிவிடுவது அநியாயம்.

மாதவிடாய் நெருங்கும்போது கர்ப்பப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, தசைக்கு ஆக்ஸிஜன் போதாமல் வலி எடுக்கிறது. சிலருக்கு வாந்தி, பேதி, தலைசுற்றல் வருவதும் இதே பொருளால்தான். இந்த வகை வலி பெரும்பாலும் வயதுக்கு வந்த ஓரிரு வருடங்களுக்குள் தொடங்கும். உதிரப்போக்கோடு வந்து, இரண்டு மூன்று நாளில் அடங்கும். இதில் உள்ளே வேறு நோய் எதுவும் இருக்காது.

இன்னொரு வகை உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அந்தத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), ஃபைப்ராய்டு கட்டி போன்றவற்றால் வரும் வலி அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் எந்தக் கருவியை வாங்குவதிலும் அர்த்தமில்லை.

ஒளிக்கு அங்கே என்ன வேலை

ஒளியால் உடலைக் குணப்படுத்துவது புதிதல்ல. தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்டுபிடித்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இலேயே நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிவப்பு ஒளிச் சிகிச்சையின் கதை 1967இல் புடாபெஸ்ட்டில் தொடங்குகிறது. எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் மேல் ரூபி லேசரைச் செலுத்திப் பார்த்தார். கட்டியைக் கரைக்க முடியுமா என்பதுதான் அவர் தேடியது. அவருடைய லேசருக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆனால் சவரம் செய்த இடத்தில் ஒளி பட்ட எலிகளுக்கு ரோமம் வேகமாக முளைத்தது. பலவீனமான ஒளிக்கும் உடல் ஏதோ பதில் சொல்கிறது என்பது அப்போது புரிந்தது.

இந்த முறைக்கு இப்போது ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர். பெரும்பாலும் 600 முதல் 1,100 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளியும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும் பயன்படுகின்றன. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது; நைட்ரிக் ஆக்ஸைடு விடுபட்டு ரத்தக்குழாய் தளர்கிறது; அழற்சி குறைகிறது என்பது விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. ஆகவே மொத்தத்தையும் மோசடி என்று ஒதுக்க முடியாது.

வாய்ப்புண் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. கர்ப்பப்பை அப்படியில்லை. தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்கும் பின்னால், பல சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வயிற்றின் மேல் விழும் ஒளியில் மிகச் சொற்பமே அவ்வளவு தூரம் போய்ச் சேரும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

மக்காவிலும் கொரியாவிலும் கண்டது

மாதவிடாய் வலிக்கு இதை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் கொரிய மருத்துவர்கள். தொப்புளுக்குக் கீழே அக்குபங்சர் புள்ளிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு ஒளிக் கருவியை, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் தினமும் 20 நிமிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். முதல் சோதனை 2012இல் வந்தது. 2016இல் வெளியான அடுத்த சோதனையில் 88 பெண்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு உண்மையான கருவி, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் போலிக் கருவி. உண்மையான கருவி கிடைத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது.

வளைகுடாவிலிருந்தும் ஓர் ஆய்வு உண்டு. மக்காவின் உம்முல் குரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது. 52 இளம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உயர்திறன் லேசரும் மற்றதற்கு மின்காந்தச் சிகிச்சையும் மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் வலி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அங்கே போலிச் சிகிச்சை பெற்ற குழு இல்லை. வலி விஷயத்தில், யாரோ அக்கறையோடு ஏதோ செய்கிறார்கள் என்பதே ஓரளவு நிவாரணம் தந்துவிடும். குறைந்ததில் லேசரின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மக்காவில் பயன்படுத்தியது பிசியோதெரபிஸ்ட் கையாளும், கண்ணாடி அணிந்துகொண்டு இயக்க வேண்டிய பெரிய கருவி. ஆன்லைனில் விற்கும் எல்.இ.டி பெல்ட் அதுவல்ல. ஒன்றின் ஆய்வு முடிவைக் காட்டி மற்றொன்றை விற்பது நேர்மையாகாது.

வாங்கியே தீருவேன் என்றால், அலைநீளமும் ஒளியின் அளவும் தெளிவாக எழுதாத கருவியைத் தவிருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றிருந்தாலோ, முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற, வெளிச்சத்தில் தோலைப் பாதிக்கக்கூடிய மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். கிளினிக்கில் லேசர் எடுப்பவர்கள், செய்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வெயிலும் சிவப்பு ஒளியும் ஒன்றல்ல

ஒளி பெல்ட் கட்டினால் வெயிலின் பலனும் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெயில் கொளுத்தும் வளைகுடாவில்தான் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. வீடு, கார், ஆபீஸ் என்று ஏ.சி.க்குள்ளேயே நாள் போய்விடுகிறது. தோலில் வைட்டமின் டி உருவாகப் புறஊதாக் கதிர் வேண்டும். சிவப்பு பெல்ட் அதைத் தராது. குறைபாடு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள்.

சூடும் மாத்திரையும்

அடிவயிற்றில் ஹாட் வாட்டர் பேக் வைக்கும் பாட்டி வைத்தியத்துக்கு, பெல்ட்டுக்கு இருப்பதைவிட உறுதியான சான்று இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி சூட்டில் தொடர்ந்து வைத்த ஒத்தடப் பட்டை, 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. ஒளி பெல்ட்டுகளில் பல லேசாகச் சுடவும் செய்கின்றன. அதைக் கட்டியதும் இதமாக இருந்தால், அந்த இதத்தில் எவ்வளவு ஒளியால், எவ்வளவு சூட்டால் என்று யாருக்குத் தெரியும்? ஹாட் வாட்டர் பேக் சில திர்ஹத்துக்குக் கிடைக்கும்.

ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கின்றன. அதனால்தான் நேரம் முக்கியம். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். வலி தொடங்கியதுமே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியில் முதல் இரண்டு நாள் எடுப்பதே சரியான முறை. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகப் போடக்கூடாது. கோடையில் வெளியில் அலைந்து நீர்ச்சத்து குறைந்திருக்கும்போதும் இவை சிறுநீரகத்துக்குப் பாரம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மெஃபனமிக் அமிலம் சிலருக்கு அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. மாத்திரை எடுத்தபின் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஊரிலிருந்து வருபவரிடம் மாத்திரை சொல்லி அனுப்பும் பழக்கம் நம்மிடம் அதிகம். வயிற்று வலிக்கு இந்தியாவில் தரும் சில கேப்ஸ்யூல்களில் ட்ராமடால் கலந்திருக்கிறது. எமிரேட்ஸில் ட்ராமடாலும் கோடீனும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருந்துச் சீட்டும் முன்அனுமதியும் இல்லாமல் கொண்டுவந்தால் வழக்கு வரை போகும். கொண்டுவந்து கொடுக்கும் அக்காவோ தம்பியோ விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள். அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய வலி

வருடத்துக்கு வருடம் வலி கூடினால், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் இருந்தால், மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ வலித்தால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், உதிரப்போக்கு திடீரென்று அதிகமானால் பெல்ட்டை ஓரமாக வைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ் உலகில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க 4 முதல் 12 வருடங்கள் வரை தாமதமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்ற ஆறுதலில் போகும் வருடங்களும் அதில் அடக்கம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜனவரி முதல் எமிரேட்ஸ் முழுவதும் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மாதவிடாய் விடுப்பு என்று தனியார் துறைச் சட்டத்தில் தனியாக இல்லை. ஆனால் தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு மருத்துவ விடுப்பில் வருடத்தின் முதல் 15 நாள் முழுச் சம்பளம் உண்டு. டாக்டர் சான்றிதழ் வாங்கி, மூன்று வேலை நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

திருமணமாகாத மகளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போகத் தயங்கும் அம்மாக்களுக்கு: உள்பரிசோதனை கட்டாயமில்லை. நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேலாகவே ஸ்கேன் எடுக்கலாம். வலி வந்த தேதி, எத்தனை நாள் நீடித்தது, எந்த மாத்திரை எத்தனை, எத்தனை நாப்கின் மாற்றினாள் என்று இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பேருதவி. ஸ்கேன் நார்மல் என்று வந்தும் வலி தொடர்ந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். ஆரம்பநிலை எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.