மின்சார சைக்கிளும் மோட்டார் வாகனச் சட்டமும்

நமது ஒன்றியத்துக் கிராமங்களில் மின்சார சைக்கிள்கள் இப்பொழுது சாதாரணமாகக் காணப்படுகின்றன. பால் சங்கத்துக்குக் கேன் கொண்டு செல்லவும், வயலுக்குப் போய் வரவும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லவும் அவை உதவுகின்றன. "லைசென்சு வேண்டாம், பதிவு வேண்டாம், வயது வரம்பும் இல்லை" என்று சொல்லியே பல கடைகளில் இவ்வண்டிகளை விற்கிறார்கள். இது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாததால் ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய சங்கடத்தில் சிக்கக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு நேரில் கண்டோம்.

பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் பதினைந்து வயது மகனுக்கு இத்தகைய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது சந்தைக்கு நடந்து சென்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டியின்மீது மோதி, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விசாரித்தபோது, வண்டியின் வேகக் கட்டுப்பாட்டைக் கடையிலேயே நீக்கிக் கொடுத்திருந்தார்கள் என்றும், அது மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடக்கூடியது என்றும் தெரியவந்தது. "சைக்கிள்தானே ஐயா!" என்று நம் அலுவலகத்தில் அவர் கலங்கி நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மின்கலத்தால் ஓடும் வண்டியைச் சில நிபந்தனைகளின்பேரில் மட்டுமே மோட்டார் வாகனம் அன்று என விலக்கி வைக்கின்றன. மோட்டாரின் முப்பது நிமிஷத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மிதிக்கும்போது துணை செய்யும் வகைச் சைக்கிளாயின், வேகம் ஏற ஏற மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து, 25 கிலோமீட்டரை எட்டியதும் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். தக்க பிரேக்குகளும், முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு நிறப் பிரதிபலிப்பான்களும் அதில் இருத்தல் அவசியம்.

முப்பது நிமிஷத் திறன் என்பதை உழவர்களுக்கு விளக்குவது எளிது. சேற்றில் புதைந்த வண்டியை ஒரே மூச்சில் இழுத்துவிடும் மாட்டின் பலம் வேறு. அரை மணி நேரம் சளைக்காமல் உழும் பலம் வேறு. விதி கணக்கில் கொள்வது இரண்டாவதைத்தான்.

இவற்றை விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. மேற்சொன்னவற்றை விதிகளில் குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். புனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. இத்தகைய நிறுவனமாகும். கடைக்காரரின் வாய்மொழியும் விளம்பரத் தாளும் இந்தச் சான்றுக்கு ஈடாகமாட்டா. பழைய சைக்கிளில் மோட்டாரும் மின்கலமும் பொருத்தித் தரும் பட்டறைகள் பெருகி வருகின்றன. அவற்றில் பொருத்தும் வண்டி மெதுவாகவே ஓடினாலும், சான்று இல்லாதவரை இந்த விலக்கை அது கோர முடியாது. ஆகவே வாங்குமுன் சான்றின் நகலைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள மாடல் பெயரும் வண்டியிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

விலக்குப் பெறாத வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமே. அதற்குப் பதிவு, பச்சை நிற எண் பலகை, இன்ஷூரன்சு, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். மின்கல வண்டிகளுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. எனவே செலவுக்கு அஞ்சிப் பதிவைத் தவிர்ப்பதில் பொருளில்லை. உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுபவர் சிறுவராயின், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவர்: மூன்று ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறுவன் இருபத்தைந்து வயது ஆகும்வரை உரிமம் பெற முடியாது. மேலே கூறிய விவசாயிக்கு இந்த ஷரத்தைப் படித்துக் காட்டியபோது, சிறையை விட மகனின் உரிமத்தைப் பற்றியே அவர் அதிகம் கவலைப்பட்டார்.

இன்ஷூரன்சு இல்லாத காரணத்தால் மூதாட்டிக்கான நஷ்டஈடு முழுவதும் அவர் தலைமேல் விழும் நிலை ஏற்பட்டது. விலக்குப் பெற்ற வண்டிக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இன்ஷூரன்சு கட்டாயமன்று; ஆனால் விபத்து நேர்ந்தால் அவருக்காகப் பணம் செலுத்த வேறொருவர் இருக்கமாட்டார். பொதுச் சாலையில் கவனக்குறைவாக ஓட்டுவது சாதாரணச் சைக்கிளுக்கும் குற்றமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

வண்டிகளைச் சாலையில் நிறுத்திச் சோதிக்கும் வேலை பஞ்சாயத்தினுடையதன்று. அது போலீசாருக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் உரியது. ஆயினும் கிராம சபை கூடும் நாளில் இவ்விதிகளைப் படித்துக் காட்டலாம். வண்டி வைத்திருப்போரைச் சான்று நகலுடன் வரச் சொல்லலாம்.

இறுதியாக ஒரு விஷயம். பம்பு செட்டுக்கான இலவச மின் இணைப்பிலிருந்து வண்டிக்கு மின்னேற்றும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. வேறு காரியத்துக்கு அளித்த மின்சாரத்தை இவ்வாறு பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் வரும். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்கப்படும். வீட்டு இணைப்பிலேயே மின்னேற்றிக் கொள்ளலாம்.