ஆதாயமும் ஆத்துமாவும்: பாலாற்றங்கரையில் மாற்கு 8:36

நம் சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்பட்டும் அரிதாகவே ஆராயப்படும் திருவசனங்களுள் மாற்கு 8:36 ஒன்று. தொழிலையும் சரீரத்தையும் அற்பமாக எண்ணி ஆத்துமாவை மட்டும் பேணுமாறு அது கட்டளையிடுவதாகப் பலர் கொள்கின்றனர். வசனத்தின் பொருள் அதனினும் விரிந்தது.

மூலத்திலுள்ள 'ப்சுகே' என்னும் கிரேக்கச் சொல்லை நம் பழைய திருப்புதல் இங்கே 'ஜீவன்' என்றும், மதிகெட்ட ஐசுவரியவானின் உவமையில் (லூக்கா 12:19, 20) 'ஆத்துமா' என்றும் பெயர்க்கிறது. இதன் பின்னணியில் நிற்பது 'நெபேஷ்' என்னும் எபிரெயச் சொல். ஆதியாகமம் 2:7இன்படி, மண்ணினால் உருவாக்கப்பட்டுத் தேவசுவாசம் பெற்ற முழு மனிதனே அது. ஆகவே ஆத்துமாவை இழத்தலாவது, தேவனுக்கு முன்பாக முழு மனிதனும் கெட்டுப்போதலாகும். மேலும், ஆதாயம், நஷ்டம், ஈடு என ஆண்டவர் இங்கே கையாளும் சொற்கள் கடைத்தெருவுக்கு உரியவை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஊழியஞ்செய்வோர் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டும். தோல் தொழிலை வேதம் இழிவாக்கவில்லை, தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டிலேயே பேதுரு யோப்பாவில் தங்கினார் (அப். 9:43). ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் திரளான பெண்கள் உழைத்துத் தம் குடும்பங்களைத் தாங்குகின்றனர். ஆயினும், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கணக்கின் மறுபக்கத்தையும் காட்டிற்று. தோல் ஏற்றுமதி ஈட்டும் அந்நியச் செலாவணியையும் அது தரும் வேலைவாய்ப்பையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதென்னும் ஆய்வைச் சுட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்றது. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். நெபேஷ் என்பதன் பொருளை அறிந்தவர் இதனை ஆத்துமாவுக்குப் புறம்பான செய்தி என்று ஒதுக்கலாகாது.

இதே வட்டாரத்தில் வேறொரு கணக்கும் எழுதப்பட்டது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் வசதியாக வாழவே விரும்பினார். திண்டிவனத்தில் ஒரே இரவில், பெண் மருத்துவர் இன்மையால் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டது அவர் வழியை மாற்றிற்று. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். உலகம் ஆதாயம் என்பதை அவர் விட்டார். ஆயினும் கல்வியையும் திறமையையும் அவர் வெறுக்கவில்லை. அவை யாருக்காக என்னும் கேள்விக்கே விடை கண்டார்.

போதகராகிய நாம் செய்யவேண்டுவன மூன்று. முதலாவது, ஸ்தோத்திரக் கூட்டங்களில் புதிய வீட்டையும் வெளிநாட்டு வேலையையும் மட்டுமே ஆசீர்வாதமாக எண்ணும் வழக்கத்தைத் திருத்துதல். நேர்மைக்காக இலாபத்தை இழந்தவனின் சாட்சிக்கும் அங்கே இடமுண்டாகட்டும். இரண்டாவது, முதலாளியாயினும் தொழிலாளியாயினும், தன் ஆதாயத்தினால் எவருடைய கிணறு கெடுகிறது, எவருடைய சரீரம் நலிகிறது என்று கேட்கக் கற்பித்தல். மூன்றாவது, காணிக்கைத் தொகையாலும் கட்டிடத்தாலும் நம் ஊழியத்தை நாமே அளவிடாதிருத்தல். உலகத்தை ஆதாயப்படுத்தும் சோதனை ஆலயத்திற்கு வெளியே மாத்திரம் நிற்பதன்று. சபை தன்னை இழந்துபோனால், அதற்கு ஈடாக எதைக் கொடுக்கக்கூடும்?